பம்பரின் பயணம்

அரிசிக் குருணையைப்போல்தான் அது பிறக்கிறது. டெல்லிக்கு வடக்கே சுமார் 90 கிலோமீட்டரில் உள்ள பானிப்பத்தில், இந்தியன் ஆயிலின் ஆலை ஆண்டுக்கு 6 லட்சம் டன் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும் திறன் கொண்டது. அங்கிருந்து மூட்டையில் கிளம்பி, காரின் முன்பம்பராகப் போகும் ஒரு பிடிக் குருணையைப் பின்தொடர்வோம்.

1954இல் மிலான் நகரில் வேதியியலாளர் ஜூலியோ நாட்டா உருவாக்கிய பொருள் இது. அதே கன அளவுள்ள எஃகு இதைவிட எட்டு மடங்குக்கும் மேல் எடை. அம்பாசடர் கார் அணிந்திருந்த பளபளப்பான எஃகு பம்பர் வழக்கொழிந்ததற்கு எடையும் ஒரு காரணம். ஆனால் பாலிபுரொப்பிலீனுக்குக் குளிர் ஆகாது. பூஜ்யம் டிகிரியை நெருங்கினால் விறைத்து, அடிபட்டால் உடையும். டெல்லியோ ஜனவரி இரவில் 4 டிகிரிக்கு இறங்கி, மே மாதத்தில் 45ஐத் தொடும் ஊர். எனவே ரப்பரும் டால்க் பொடியும் கலக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துளிகள் அடியின் வேகத்தை வாங்கிக்கொண்டு, விரிசல் ஓடாமல் தடுக்கின்றன.

குளிரைவிட நுட்பமான எதிரி வேகம். மெல்ல வளைத்தால் வளைந்து கொடுக்கும் அதே பிளாஸ்டிக், திடீரென்று அடித்தால் முறுக்கிக்கொள்ளும். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நழுவி இடம்மாற நேரம் வேண்டும். அது கிடைக்காதபோது பொருள் குளிரில் கிடந்ததைப்போலவே நடந்துகொள்கிறது. மெதுவாக இழுத்து எடுத்த அளவை மட்டும் நம்பினால் விபத்துக் கணக்கு பொய்த்துவிடும். அதனால் பல வேகங்களில், பல வெப்பநிலைகளில் துண்டுகளை இழுத்தும் இடித்தும் பார்த்து, அந்த அளவுகளைக் கணினிக்குக் கொடுக்கிறார்கள். பம்பரைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்து, மைக்ரோநொடிக் கணக்கில் மோதவிடுகிறது நிரல். இத்தகைய நிரல்களில் புகழ்பெற்ற ஒன்று, 1976இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் குண்டு தரையில் மோதுவதைக் கணக்கிட ஜான் ஹால்க்விஸ்ட் எழுதியதன் வழிவந்தது. எங்கே தடிமனைக் குறைக்கலாம், எங்கே குறைக்கவே கூடாது என்று சொல்வது இந்தக் கணக்குதான். பம்பரின் உண்மையான பிறப்பு இங்கேதான் என்பேன்.

டெல்லிச் சாலையில் அது எதன்மேல் மோதும்? அங்கே விபத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோர் நடந்துபோனவர்களும் இருசக்கர வண்டியில் போனவர்களும்தான். வண்டியின் முகப்பு வெளியே இருப்பவரையும் காக்க வேண்டும் என்று ஐஐடி டெல்லியின் தினேஷ் மோகன் பல ஆண்டுகள் வலியுறுத்தினார். முழங்காலுக்கு இடம்கொடுத்து நெளியும் பம்பர் அதற்குத்தான்.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த பொருளின்மேல், கடையில் வாங்கிய எஃகுக் கம்பியை மாட்டுகிறோம். நெளிய வேண்டியது நெளியாது. அடி முழுவதும் எதிரே இருப்பவரின் எலும்பில் இறங்கும். காற்றுப்பை விரியும் நேரமும் தவறலாம். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கம்பிகளைத் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. உங்கள் காரில் இருந்தால், இன்றே கழற்றிவிடுங்கள்.