ஆட்டம் ரத்தத்திலா இருக்கு?

கல்லூரி ஆண்டுவிழா. "நீ ஆடேன்டா, உங்க ஆளுங்களுக்கு ஆட்டம் ரத்தத்திலேயே இருக்கே" என்றான் கூடப் படித்தவன். பாராட்டாகத்தான் சொன்னான். என் கால் அசையவில்லை. அடி எல்லாம் எனக்கு அத்துப்படி. எழவுக்குக் கிளம்பும் அப்பாவுக்குத் தீமூட்டிப் பறை காய்ச்சிக் கொடுத்தவன் நான்.

ரத்தத்தில் இருக்கிறது என்றால் உழைத்துக் கற்றதில்லை என்று அர்த்தம். இடக்கையில் சிண்டுக்குச்சி, வலக்கையில் அடிக்குச்சி. தோளில் தொங்கும் பறையோடு கை அடிக்க அடிக்கக் கால் மாறிப்போட வேண்டும். பழகாமல் வருமா இது?

தொல்காப்பியம் பறையைத் திணைகளின் கருப்பொருளில் ஒன்றாக வைக்கிறது. ஒரு சாதிக்கென்று எழுதி வைக்கவில்லை. பின்னால்தான் அது சேரிக்கும் சாவுக்கும் உரியதாச்சு, கட்டாய ஊழியமாச்சு. இருபதாம் நூற்றாண்டில் பல ஊர்களில் நம்மவர்கள் "இனி அடிக்க மாட்டோம்" என்றார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள். அது நியாயமான மறுப்பு. ஆனால் அதோடு சேர்ந்து ஒரு கூச்சமும் வீட்டுக்குள் நுழைந்தது. ஊழியத்தை வெறுக்கப்போய் நம் கைகால்களையே வெறுத்தோம்.

கூச்சம் ஆட்டத்திலிருந்து ஆட்களை எப்படி விரட்டும் என்பதற்குச் சதிரும் சாட்சி. ஆடிய இசை வேளாளர் பெண்கள் தலித்துகள் அல்ல, அவர்கள் கதை வேறு. ஆனாலும் 'தாசி ஆட்டம்' என்ற ஏச்சுக்குப் பயந்து பல குடும்பங்கள் மகள்களின் சலங்கையைக் கழற்றின. 1935இல் ருக்மிணி தேவி மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்ரா வந்தது. பரதநாட்டியம் என்ற பெயரில் அதே ஆட்டம் 'நல்ல குடும்பத்து' பெண்களுக்கு மரியாதையாகிவிட்டது. பாலசரஸ்வதி போல விடாமல் ஆடியவர்கள் கொஞ்சப் பேர்தான்.

நம் பெண்களுக்கோ தடை இரட்டிப்பு. பறை ஆம்பிளை சமாச்சாரம், தெருவில் ஆடுகிறவள் மானங்கெட்டவள் என்று சேரிக்குள்ளேயே சொன்னோம். நானும் சொன்னவன்தான். 1990களில் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையைத் தோளில் மாட்டி ஆடினார்கள். அவர்களுக்கு எந்த ரத்தமும் சொல்லித்தரவில்லை. உட்கார்ந்து, பழகி, கற்றார்கள்.

2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கல்லூரி மேடைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பறையடிக்கிறார்கள், சந்தோஷம். எங்கள் ஊர்ச் சாவுக்கு மட்டும் இன்னும் பெரியப்பாதான் போகிறார். எழுபது வயது அவருக்கு. "டேய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.