ஆட்டோகேட் கருவிப்பட்டை

1982 டிசம்பரில் அறிமுகமான ஆட்டோகேட் வரைபட மென்பொருளில் கட்டளைப் பொத்தான்கள் இருக்கும் பகுதி. சிதறிக் கிடந்த சிறு பட்டைகளை ஓரங்கட்டி, தாவல்களாகப் பிரிந்த ‘ரிப்பன்’ 2009 பதிப்பில் வந்தது. பழைய தோற்றத்தைத் தந்த ‘கிளாசிக்’ பணித்தளம் 2015 பதிப்பில் நீக்கப்பட்டது. பழைய பாடநூலைப் பிரித்து வைத்துக்கொண்டு புதிய திரையில் பொத்தானைத் தேடுபவர் திணறாமல் என்ன செய்வார்? கைதவறி ரிப்பனையே மூடிவிட்டு, மென்பொருள் கெட்டுப்போனதாகப் பதறுவோரும் உண்டு. கீழேயுள்ள கட்டளை வரியில் ‘ரிப்பன்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் திரும்பி வந்துவிடும். ‘மெனுபார்’ மாறியின் மதிப்பை 1 ஆக்கினால் பழைய மெனு வரிசையும் தெரியும். கைதேர்ந்த வரைவாளர்கள் பட்டையை அதிகம் நாடுவதில்லை. கோட்டுக்கு ‘எல்’, வட்டத்துக்கு ‘சி’, மிஞ்சியதை நறுக்க ‘டிஆர்’. இடக்கை தட்டும், வலக்கை மவுஸை விட்டு நகராது.