கீசர் தெர்மோஸ்டாட் பழுது

கீசரில் தண்ணீர் குறித்த சூட்டை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்தி, ஆறியதும் மீண்டும் கொடுக்கும் கருவி தெர்மோஸ்டாட். சுடுதண்ணீர் வராவிட்டால் பழி முதலில் விழுவது இதன்மேல்தான். ஆனால் உப்புத் தண்ணீர் ஊர்களில் பல சமயம் கோளாறு வேறிடத்தில் இருக்கும்.

உதாரணமாக, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் பட்டு நெசவு ஊரான ஆரணி, கருங்கல் பாறை நிலத்தில் அமைந்தது. இத்தகைய நிலத்தின் போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் கலந்து வரும். அவற்றின் கெடுதலைப் பட்டுக்குச் சாயம் போடுவோர் நன்கறிவார்கள். கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால்பங்கு செரிசின் என்னும் பசை. சோப்பும் சோடாவும் போட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே நூலை வேகவைத்து அதை நீக்குவார்கள். தண்ணீர் கடினமானால் சோப்பு திரிந்து பிசுக்காக நூலில் ஒட்டும். சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அதே உப்புதான் கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயில்மேல் சுண்ணாம்பாகப் படிகிறது.

கம்பி வகை தெர்மோஸ்டாட்டில் பித்தளைக் குழலுக்குள் இன்வார் கம்பி இருக்கும். சூட்டில் பித்தளை நீளும், இன்வார் ஏறக்குறைய நீளாது. இந்த வேறுபாடுதான் சுவிட்சைத் திறக்கிறது. இரும்பும் நிக்கலும் சேர்ந்த இன்வாரை 1896இல் கண்டறிந்த சார்ல் எதுவார் கில்லோம், 1920இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். காயில்மேல் சுண்ணாம்பு ஓடு கட்டினால் சூடு தண்ணீரில் இறங்காமல் அங்கேயே தேங்கும். ஒட்டினாற்போல் இருக்கும் தெர்மோஸ்டாட் அதைத் தண்ணீரின் சூடாகவே எடுத்துக்கொண்டு முன்னதாக நிறுத்திவிடும். கீசரின் விளக்கு அணைந்திருக்கும், வாளியில் விழுவது வெதுவெதுப்பான தண்ணீர். புது தெர்மோஸ்டாட் போட்டாலும் சில நாளில் இதே தொல்லை திரும்பும்.

சோதிக்கும் முன் எம்.சி.பி.யை இறக்கி, மின்சாரம் இல்லை என்பதை டெஸ்டரில் உறுதி செய்ய வேண்டும். மூடியைக் கழற்றியதும் கண்ணுக்குத் தெரிவது டெர்மினல்கள். தளர்ந்த திருகைச் சுற்றி வயர் கருகியிருந்தால் பழுதின் பாதி அங்கேயே கிடைத்துவிடும். ரீசெட் பட்டன் வெளியே தள்ளியிருந்தால், சூடு மீறும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு கட்அவுட் விழுந்திருக்கிறது. வயர்களைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால், ஆறிய தெர்மோஸ்டாட் பூஜ்ய ஓம் அருகே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதை மாற்றலாம். 230 வோல்ட், 2000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்டும். காயிலுக்கும் எர்த்துக்கும் இடையே தொடர்பு தெரிந்தால் காயில் போய்விட்டது, அந்தக் கீசரைத் தொடவே கூடாது. சுண்ணாம்புதான் காரணம் என்றால் காயிலைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துக் கழுவலாம். கழிவறை ஆசிட் வேண்டாம், அது காயிலின் செம்பை அரித்துவிடும். மாட்டியபின் தொட்டி நிறைந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரியை எட்ட 2000 வாட்டில் சுமார் 18 நிமிடம் போதும்.

அவசரத்துக்குத் தெர்மோஸ்டாட்டைத் தவிர்த்து காயிலுக்கு 'டைரக்ட்' கொடுக்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். நிறுத்த எதுவும் இல்லாத தொட்டியில் தண்ணீர் கொதித்து அழுத்தம் ஏறும். பிரஷர் வால்வும் சுண்ணாம்பில் அடைத்திருந்தால் தொட்டி வெடிக்கலாம். 60 டிகிரித் தண்ணீரே சுமார் 5 விநாடியில் தோலைச் சுட்டுவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

இதுவரை சொன்னது வீட்டு மின் கீசருக்கு; கேரவன் போன்ற வண்டிகளின் கீசர் பெரும்பாலும் எரிவாயுவில் ஓடும், கட்டுப்பாட்டுக்கு மட்டும் 12 வோல்ட் பேட்டரி. அதன் தெர்மோஸ்டாட் சுமார் 60 டிகிரியிலும், பாதுகாப்பு கட்அவுட் சுமார் 82 டிகிரியிலும் நிறுத்தும். பேட்டரி இறங்கினாலோ பர்னர் குழலில் சிலந்தி வலை அடைத்தாலோ பர்னர் பற்றாது. ஆகவே அங்கேயும் தெர்மோஸ்டாட்டைக் குறைசொல்லும் முன் இவ்விரண்டையும் பார்ப்பது நல்லது.