மன்றம் வளர்த்த கணினித் தமிழ்

மேக் கணினியின் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் ‘தமிழ் எம்என்’, ‘தமிழ் சங்கம் எம்என்’ என்ற பெயர்கள் கண்ணில் படும். மலையாளம், கன்னடம், சிங்களம், கெமர் எழுத்துருக்களின் வாலிலும் அதே ‘எம்என்’ ஒட்டியிருக்கும். முத்து நெடுமாறன் என்ற கோலாலம்பூர்த் தமிழரின் பெயர்ச் சுருக்கம் அது. ஒரு தனி மனிதரின் மேதைமைக்குச் சான்றாக இதைச் சொல்லிப் பெருமைப்படுவது நம் வழக்கம். பெருமைக்கு உரியதுதான், ஆனால் அதில் பாதிக் கதைதான் இருக்கிறது. கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரே பித்துப் பிடித்தவர்கள் ஓரிடத்தில் கூடுவது, வாதாடுவது, முடிவெடுத்துக் கலைவது என்ற மன்றப் பழக்கம் கணினிக்கு வெகுகாலம் முன்பே வேரூன்றியிருந்தது. கணினித் தமிழ் அந்த மண்ணில் முளைத்த பயிர் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இயந்திரத்தில் தமிழை ஏற்றும் வேலை மலாயா மண்ணுக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா 1907இல் பிழைப்புத் தேடி மலாயாவுக்கும் பிறகு சிங்கப்பூருக்கும் வந்தவர். அலுவலக வேலை போக மிஞ்சிய நேரத்தில் அவர் போராடி வடிவமைத்த விசைப்பலகைதான் தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு அடித்தளம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குவார்ட்டர்ஸை நிரப்பிய யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் அவருடைய வகுப்பினர்தான்: பகலில் ஆங்கிலக் கோப்பு, மாலையில் கோவில், வாசகசாலை, சங்கம். தோட்டங்களிலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் எழுத வந்தவர்களுக்குப் பத்திரிகைகளே மன்றமாயின. 1950-51இல் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பு’ வாசகர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தேர்வு வைத்து, எழுத்தாளர்களாக்கியது. கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு நாளிதழ் அதே பத்தாண்டில் தொடங்கிய மாணவர் மணிமன்றம், பத்திரிகைப் பக்கத்திலிருந்து இறங்கி ஊர் ஊராக இளைஞர் மணிமன்றங்களாகப் பரவியது. 1966 ஏப்ரலில் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியபோது, வெளியூர்க்காரர்களை வரவழைத்து விருந்தோம்பிக் கூட்டம் நடத்தத் தெரிந்த கைகள் அங்கே ஏற்கெனவே இருந்தன.

முத்து நெடுமாறன் இந்தச் சூழலின் வாரிசு. அவருடைய தந்தை முரசு நெடுமாறன், மலேசியத் தமிழ்க் கவிதைகளை ஊர் ஊராகத் தேடித் தொகுத்துக் களஞ்சியமாக்கிய கவிஞர். மகன் 1985இல் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’ மென்பொருளையும், பின்னர் சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவையும் உருவாக்கினார்கள். அவரவர் ஊரில், அவரவர் ஓய்வு நேரத்தில் நடந்த வேலை இது. அன்றைய கணினி எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் போய்விடும். மிச்சமுள்ள இடத்துக்குள் உயிர், மெய், உகர ஊகார வடிவங்கள், கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். ஆங்கிலம் வேண்டாம் என்றால் அதன் இடத்திலும் குடியேறலாம். எந்த எழுத்தை எந்த எண்ணில் வைப்பது என்று ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவெடுத்தார்கள். விளைவு, கிள்ளானில் தட்டிய கடிதம் சென்னையில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரிந்தது. தனி மேதைமைக்கு எல்லை இங்கேதான். எத்தனை அழகான எழுத்துரு செய்தாலும், அடுத்தவரின் கணினியும் அதே எண்ணுக்கு அதே எழுத்தைக் காட்டாவிட்டால் அது ஒருவர் மட்டும் பேசும் மொழி.

அந்தச் சிக்கலை அவிழ்க்கக் கூட்டங்கள் தேவைப்பட்டன. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் கருத்தரங்கு, 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99, 2000 ஜூலையில் மறுபடி சிங்கப்பூர் என்று வரிசையாகக் கூடினார்கள். 2000இல் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம், சுருக்கமாக உத்தமம், பிறந்தது. 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. இந்த அரங்குகளில் எவ்வளவு நுணுக்கமாகச் சண்டை போட்டார்கள் என்பதற்கு ‘அம்மா’ என்ற ஒரு சொல் போதும். முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளின் ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில ‘ஏ’ விசை, ‘எம்’ இருமுறை, ‘ஏ’ இருமுறை என ஐந்து தட்டல். ஆங்கிலத் தட்டச்சு பழகியவருக்கு அரைமணி நேரத்தில் கைவரும். தமிழ்நெட் 99இல் பிறந்த தமிழ் 99 பலகையிலோ நெடில் உயிருக்கும் தனி விசை உண்டு. அ, ம, ம, ஆ என நான்கே தட்டல். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதன் தலையில் புள்ளி தானாக விழும். ஆனால் பலகையைப் புதிதாகப் படிக்க வேண்டும். மலேசியர்கள் பலருக்கு முதலாவது இயல்பாகப் பட்டது. தமிழைத் தமிழாகவே தட்ட வேண்டும் என்றவர்களுக்கு இரண்டாவது கொள்கையாகவே ஆனது. எது சிறந்தது என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. இரண்டையும் கருவிகளில் வைப்பது என்ற சமரசம் மட்டும் நிலைத்தது. 2013இல் ஐபோனுக்குத் தமிழ் விசைப்பலகை வந்தபோது அஞ்சலும் தமிழ் 99உம் அருகருகே இருந்தன.

அரசும் பெருநிறுவனங்களும் செய்த வேலையை ஆர்வலர்களின் கணக்கில் எழுதலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. உலக மொழிகளுக்குப் பொதுவான குறியீடான யூனிகோட் 1991இலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியது. அதற்கு அடிப்படை இந்திய அரசின் குறியீட்டுத் தரம். விண்டோஸ் 2000 தமிழைத் தன்னுள்ளேயே கொண்டு வந்ததும், தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை முறைப்படி ஏற்றதும் இல்லையென்றால் ஆர்வலர்களின் குறியீடுகள் ஆளுக்கொன்றாகவே நீடித்திருக்கும். ஆனால் காலவரிசையைக் கவனிக்க வேண்டும். இடம் ஒதுக்கியதற்கும் அரசு ஏற்றதற்கும் இடையே 19 ஆண்டுகள். அந்த இடைவெளியில் தமிழை மின்னஞ்சலிலும் வலைத்தளத்திலும் புழங்கவிட்டு, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர்கள் சம்பளமில்லாத ஆர்வலர்கள். அரசு முத்திரை குத்தியபோது அதன் மேசைக்கு வந்தவையும் அவர்கள் ஏற்கெனவே செய்து பார்த்த வழிகள்தான்.

மன்றப் பழக்கத்தைக் காரணமாக்குவது மிகை, சிங்கப்பூரில் நடந்தது பல்கலைக்கழகமும் அரசும் துணை நின்ற முயற்சி என்பது இன்னொரு மறுப்பு. சிங்கப்பூரைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்ளலாம். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. 1995இல் அந்நாட்டுக் கவிதைகளைத் தமிழ் உட்பட நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய தளத்தை அதிபரே தொடக்கி வைத்தார். மலேசியாவில் தமிழுக்கு அந்தத் தகுதி இல்லை. மலேசிய அரசின் தகவல் தொழில்நுட்பத் திட்டமான பல்லூடகப் பெருவழித்தடம் 1996இல் தொடங்கி சைபர்ஜெயா எழும்பியபோதும், தமிழ் எழுத்துகளைச் செதுக்குவது அதன் இலக்காக இருக்கவில்லை. ஆக, ஆட்சிமொழித் தகுதியற்ற ஒரு மொழிக்குக் கோலாலம்பூர் எப்படி மையங்களில் ஒன்றாயிற்று என்ற கேள்வி நிற்கிறது. பத்திரிகைகளும் தமிழ்ப் பள்ளிகளும் தேவையைத் தந்தன. கூடிப் பழகிய கூட்டம் ஆளைத் தந்தது. வேறு விளக்கம் எளிதில் கிடைக்கவில்லை.

மூன்றாவது மறுப்பு இன்றைய தலைமுறையைப் பற்றியது. கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் புதுக் கைப்பேசி வாங்கி, டிசம்பரில் காமிக் ஃபியஸ்டா சித்திரக்கதை விழாவுக்கு வேடமிட்டுப் போகிற பிள்ளைகள் வெறும் நுகர்வோர், அவர்களையும் மணிமன்றத்தாரையும் ஒரே மூச்சில் சொல்லலாமா என்பார்கள். காமிக் ஃபியஸ்டா 2002இல் ஆர்வலர்கள் தொடங்கிய விழா. தாங்களே வரைந்து, தாங்களே அச்சடித்த சித்திரப் புத்தகங்களை மேசை போட்டு விற்கும் பகுதி அதன் உயிர்நாடி. கதாபாத்திர வேடமான காஸ்பிளேவின் உடையும் பெரும்பாலும் சொந்தத் தையல்தான். செய்து காட்டுவது, சக பித்தர்களின் கண்டிப்பான விமர்சனத்துக்கு வைப்பது, அடுத்த ஆண்டு திருத்தி வருவது என்ற ஒழுங்கு கதை வகுப்பின் ஒழுங்கேதான். குறை ஒன்று உண்டென்றால், அந்த மேசைகளில் தமிழ் அரிதாகவே தென்படுகிறது. அது இளைஞர்களின் குற்றம் என்பதைவிட, 2013இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மீண்டும் கூடிய தமிழ் இணைய மாநாடு போன்றவை ஆய்வுக் கட்டுரை வாசிக்கும் மேடைகளாக மாறிவிட்டதன் விளைவு என்றே சொல்ல வேண்டும். கட்டுரை எழுதத் தெரியாத, ஆனால் எழுத்துரு வரையவோ விளையாட்டு நிரல் எழுதவோ தெரிந்த இருபது வயதுக்காரருக்கு அங்கே மேசை இல்லை.

செய்ய வேண்டிய வேலையோ மீதமிருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டிய சங்க மலர்கள், பள்ளிப் பாடங்கள், பத்திரிகைப் பக்கங்கள் எல்லாம் அந்தந்த எழுத்துரு இல்லாவிட்டால் படிக்க முடியாதவை. எந்த எழுத்துருவில் எந்த எண் எந்த எழுத்து என்ற அட்டவணையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு வயதாகிறது. அவற்றை மாற்றித் தரும் நிரலை ஒரு கல்லூரி மாணவர் சில வாரங்களில் எழுதிவிடலாம். அட்டவணையை எடுத்துக் கொடுக்க மூத்தவரும், உட்கார்ந்து எழுத இளையவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் எத்தனையோ தமிழ்ச் சங்கங்களுக்குச் சொந்தக் கட்டடம் இருக்கிறது. ஆண்டு விழாவுக்கு ஒதுக்கும் நாட்களில் ஒன்றை இதற்கு ஒதுக்கினால் போதும்.