பழைய படமும் சயாம் ரயிலும்

நம் வீட்டுத் தகரப்பெட்டிகளில் கிடக்கும் பழைய படங்களை ஒருநாள் வெளியே எடுங்கள்.

படத்தில் சீருடை தெரிகிறதா? 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின், பால்மரம் வெட்டிய நம்மவர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்களுக்கு ஜான்சிராணிப் படை. கால்சட்டையோடு நிற்பது நம் பாட்டியாகவே இருக்கலாம், சிரிக்காதீர்கள்! அந்த இராணுவத்தின் தாள்கள் பல புதுடில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

சயாமுக்குப் போனவர் நிலை வேறு. 1942, 43இல் 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஜப்பான்காரன் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தான். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அங்கே செத்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பட்டாள எண் இருந்தது, கணக்கும் இருந்தது. காஞ்சனாபுரியில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் கல்லறை கட்டியிருக்கிறார்கள். நம்ம கூலிக்காரருக்கு எண் ஏது, கல் ஏது?

பல குடும்பங்களில் மிச்சம் ஒரு படம்தான். அதன் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரியும். மற்றதை வயதானவர்களிடம்தான் கேட்க வேண்டும்: "இவரு யாரு? எந்தத் தோட்டத்துல இருந்து போனாரு? திரும்பி வந்தாரா?" சொல்வதை அப்போதே பின்னால் எழுதிவிடுங்கள். பென்சிலால், அழுத்தாமல். பேனா மை படத்தில் ஊறிவிடும்.