மக்கள் மன்றம் ஏறிய பெண்கள் – 14: டாலஸ் நகரத்து நர்ஸ்

1972 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. டாலஸ் மாவட்டம் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்துக்கொண்டு அங்கிருந்து 18 பேரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பும் முறை இனிச் செல்லாது, தனித்தனித் தொகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்பதே அது. அந்தத் தீர்ப்பு வராமல் போயிருந்தால், இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் எடி பெர்னிஸ் ஜான்சன் மருத்துவமனையிலேயே ஓய்வு பெற்றிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

பழைய முறையில் மாவட்டத்தின் ஒவ்வொரு வாக்காளரும் 18 இடங்களுக்கும் தனித்தனியே வாக்களிப்பார். ஆகவே எந்த இடத்துக்கு நின்றாலும் மாவட்டம் முழுவதிலும் பெரும்பான்மை பெற்றாக வேண்டும். தெற்கு டாலஸில் கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்ந்தார்கள். அவர்கள் ஒருமித்து வாக்களித்தாலும் மாவட்டக் கணக்கில் அது கரைந்துவிடும். வெள்ளையர் கையில் இருந்த ஓர் அமைப்பு வேட்பாளர் பட்டியலைத் தயாரிக்கும். அதில் பெயர் இருந்தால்தான் வெற்றி. உள்நாட்டுப் போரை அடுத்த மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் டாலஸ் மாவட்டத்திலிருந்து டெக்சாஸ் சட்டமன்றத்தின் கீழவைக்குப் போன கறுப்பினத்தவர் இரண்டே பேர். அந்த அமைப்பு தன் பட்டியலில் சேர்த்த கறுப்பினத்தவரும் அந்த இருவர் மட்டுமே. இதையெல்லாம் எடைபோட்டுத்தான் 1973-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்தது. சென்ற வாரம் பார்த்த பார்பரா ஜோர்டனும் ஹூஸ்டனில் 1962, 1964 என்று இரண்டு முறை மாவட்டம் முழுக்க வாக்குக் கேட்டுத் தோற்றவர்தான். எல்லைகள் மாறிய பிறகு, 1966-இல், அவர் மேலவைக்கே போனார்.

இனி நம் நர்ஸுக்கு வருவோம். ஜான்சன் பிறந்தது வேக்கோ என்ற ஊரில். டாக்டராக வேண்டும் என்பது ஆசை. பெண்ணுக்கு நர்ஸ் வேலைதான் சரி என்று பள்ளியில் திருப்பிவிட்டார்கள். டெக்சாஸில் கறுப்பினப் பெண்ணுக்குத் தரமான நர்ஸிங் பள்ளி கதவு திறக்காத காலம். இந்தியானா மாநிலத்தின் செயின்ட் மேரிஸ் கல்லூரிக்குப் போய் 1955-இல் படிப்பை முடித்தார். டாலஸில் இருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனை, ஆளை நேரில் பார்க்காமலே வேலை கொடுத்தது. வந்து நின்ற பிறகுதான் அவர் நிறம் தெரிந்தது. நர்ஸுகள் விடுதியில் தருவதாகச் சொன்ன அறை உடனே இல்லையென்று ஆனது. அவர் வார்டுக்குள் போகும் முன் அதிகாரிகள் போய், இவர் தகுதி உள்ளவர்தான் என்று நோயாளிகளிடம் சொல்லிவிட்டு வருவார்களாம். படித்துத் தேறி, மருந்தளவும் மனநோயும் அறிந்த ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு கட்டிலருகிலும் அந்தச் சிபாரிசு தேவைப்பட்டிருக்கிறது. படிக்கும்போது எனக்கு நெஞ்சு கொதித்தது.

அவர் விட்டுப் போகவில்லை. அங்கேயே 16 ஆண்டுகள் உழைத்து மனநலப் பிரிவின் தலைமை நர்ஸானார். நடுவில் 1967-இல் பட்டப்படிப்பையும் முடித்தார். டாலஸ் கடைத்தெருவில் கறுப்பினப் பெண்கள் தொப்பியையோ செருப்பையோ போட்டுப் பார்த்து வாங்க முடியாத நிலை இருந்தது. அந்தக் கடைகளைப் புறக்கணிக்கத் திரண்ட பெண்களில் இவரும் ஒருவர். பொதுவாழ்க்கை அங்கேயே தொடங்கிவிட்டது.

தேர்தலில் நிற்க ஒரு பெரிய தடை இருந்தது. அவர் வேலை பார்த்த மருத்துவமனை மத்திய அரசுடையது; மத்திய அரசு ஊழியர் கட்சித் தேர்தலில் நிற்கச் சட்டம் இடம் தராது. வேலையை விட்டால் சம்பளம் ஏது? டெக்சாஸ் சட்டமன்ற உறுப்பினருக்கு அன்று ஆண்டுக்கு 4,800 டாலர்தான். மணமுறிவுக்குப் பின் மகனைத் தனியே வளர்த்துவந்த தாய்க்கு அது எந்த மூலைக்கு? நைமன் மார்க்கஸ் கடையின் ஸ்டான்லி மார்க்கஸ், தன் நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் வேலை தந்து துணை நின்றார். தொகுதி பிறந்துவிட்டது, பிழைப்புக்கும் வழி கிடைத்தது. 1972 நவம்பரில் ஜான்சன் பெரும் வித்தியாசத்தில் வென்றார். டாலஸில் தேர்தலில் வென்று பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவரே.

150 பேர் கொண்ட அந்த அவையில் அவரும் ஹூஸ்டனின் செந்ஃப்ரோனியா தாம்சனும்தான் முதல் கறுப்பினப் பெண்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே தொழிலாளர் குழுவுக்குத் தலைவரானார். டெக்சாஸ் கீழவையின் முக்கியக் குழு ஒன்றுக்கு ஒரு பெண் தலைமை ஏற்றது அதுவே முதல் முறை. 1977-இல் அதிபர் கார்ட்டர் சுகாதாரம், கல்வி, நலத்துறையின் வட்டார இயக்குநராக நியமிக்க, பதவி விலகினார்.

1986-இல் மேலவைக்குத் தேர்வாகிச் சட்டமன்றத்துக்குத் திரும்பியபோது அவருக்குள் இருந்த நர்ஸ் முழுமையாக வெளிப்பட்டார். எய்ட்ஸ் என்றாலே தொட அஞ்சிய அந்த ஆண்டுகளில், அந்த நோயாளிகளிடம் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கவும் அவர்களுக்குச் சிகிச்சை கிடைக்கவும் மசோதா கொண்டுவந்தார். நோயாளிகளை அனுப்புவதற்காக மருத்துவமனைகள் டாக்டர்களுக்குக் கமிஷன் தருவதைத் தடுக்க இன்னொன்று. வார்டில் நின்று பார்த்தவருக்குத்தான் இவை முதலில் கண்ணில் படும்.

அவர் வாழ்க்கையில் விவாதத்துக்குரிய பகுதி 1991-இல் வருகிறது. காங்கிரஸ் தொகுதிகளின் எல்லையை வகுக்கும் மேலவைத் துணைக்குழுவுக்கு அவர்தான் தலைவர். டாலஸில் புதிதாக உருவான 30-ஆவது தொகுதியில் அடுத்த ஆண்டு அவரே நின்று வென்று, அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்வான முதல் பதிவுபெற்ற நர்ஸ் ஆனார். தனக்கென்றே வெட்டிய தொகுதி என்று விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தெற்கு டாலஸில் கச்சிதமான மையம், அங்கிருந்து புறநகர்களுக்குள் நீளும் வால்கள் என்று அதன் வடிவம் விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அதே மாவட்டத்தைப் பல ஆண்டுகளாகத் தங்களுக்குச் சாதகமாக ஒரே தொகுதியாக வைத்திருந்தவர்களிடம் யாரும் வடிவத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

இன அடிப்படையே மேலோங்கிவிட்டது என்று 1996 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகுதியைச் செல்லாததாக்கியது. எல்லைகளைத் திருத்தினார்கள். அவ்வாண்டு நவம்பரில் திருத்திய தொகுதியிலும் அவர் வென்றார். அதன்பின் மேலும் 12 பொதுத் தேர்தல்களில் வென்று, 2019-இல் காங்கிரஸ் கீழவையின் அறிவியல் குழுவுக்குத் தலைவரானார். 2023 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து டாலஸுக்குத் திரும்பியவர், அவ்வாண்டு டிசம்பர் 31 அன்று காலமானார்.