கோவலனுக்கும் ஒரு கட்சி

2017 ஆம் ஆண்டில் சீனாவில் ஒளிபரப்பாகிய 'எடர்னல் லவ்' என்னும் மாயக்கதைத் தொடர், 58 பகுதிகளைக் கொண்டது. விண்ணுலக இளவரசன் யே ஹுவா, நினைவிழந்து மானிடப் பெண்ணாக வாழும் சு சு என்பவளை மணக்கிறான். பொய்க்குற்றச்சாட்டு ஒன்றினால் அவளுடைய கண்களைப் பறிக்க வேண்டி வருகிறது. பறிப்பவனும் அவனே. அவள் உயிரைக் காக்க வேறு வழியிருக்கவில்லை என்று ஒரு சாராரும், காதலித்தவன் செய்யக்கூடிய காரியமா இது என்று மற்றொரு சாராரும் இன்றுவரை வாதிடுகின்றனர். கற்பனைப் பாத்திரங்களுக்காக இத்தனை சூடு எதற்கு என்று நம்மவர்கள் சிலர் நகைப்பதுண்டு. நகைப்பதற்கு முன்னர், மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையையும் படுவான்கரையையும் சற்றே திரும்பிப் பார்ப்பது நல்லது. தவறிழைத்த கணவனுக்கும் பாதிக்கப்பட்ட மனைவிக்கும் இடையிலான வழக்கில் ஊர்கள் முழுவதுமே இரு கட்சிகளாகப் பிரிந்து நின்ற பிரதேசம் அது.

கிழக்கிலங்கையின் கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்படும் காவியம் கண்ணகி வழக்குரை. மாயத்தில் அது எந்தச் சீனத் தொடருக்கும் இளைத்ததன்று. அதில் கண்ணகி தோன்றுவது பாண்டியன் கைக்கு வந்த ஒரு மாங்கனியிலிருந்து. அவளால் நாட்டுக்குக் கேடு விளையும் என்று அஞ்சி, குழந்தையைப் பேழையில் வைத்துக் கடலில் விடுகின்றனர். வணிகர்கள் கண்டெடுத்து வளர்க்கின்றனர். அவளுடைய சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கடலோடுகிறான். வழியில் வெடியரசனோடு போர் மூளுகிறது. இளங்கோவடிகளின் காப்பியத்தில் காணப்படாத நிகழ்ச்சிகள் இவை. கேட்டவர்கள் தமக்கு வேண்டியவாறு கதையை வளர்த்துக்கொண்டார்கள் என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் கேட்டவர்களின் அபிப்பிராயம் வெளிப்பட்ட இடம் காவியம் அல்ல, கொம்புமுறி விளையாட்டு. ஊர் மக்கள் வடசேரி, தென்சேரி என இரு பிரிவாவர். வடசேரி கோவலனுடைய கட்சி. தென்சேரி கண்ணகியினுடைய கட்சி. எந்தச் சேரி என்பதை எவரும் தாமாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அது பிறப்போடு வருவது. முதலில் போர்த்தேங்காய் அடித்தல் நடைபெறும். பின்னர், காட்டு மரத்தில் வளைவாக அமைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, வடம் பூட்டி இரு சேரியாரும் இழுப்பர். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். வென்றவர்கள் தங்கள் கொம்பை அலங்கரித்து ஊர்வலமாக எடுத்துச் செல்வர். தோற்றவர்களை வசைப்பாட்டுகளால் ஏசுவர். பண்பாட்டாளர்கள் அச்சிடத் தயங்கும் சொற்களும் அப்பாட்டுகளில் உண்டு. ஏசல் முற்றிக் கைகலப்பில் முடிந்ததும் உண்டு.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. ஊரெல்லாம் தெய்வமாகக் கும்பிடுவது கண்ணகியை. கோவலனோ மனைவியை விட்டு மாதவியிடம் சென்றவன், பொருளை அழித்தவன். வாவிக்கரைச் சமூகத்தில் குடி தாய்வழியாக வருவது. வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் சேர்வது. கணவன் மனைவியின் வீட்டில் வந்து வாழ்பவன். அத்தகைய சமூகம், இல்லத்தை விட்டுப்போன கணவனுக்கு எதற்காக ஒரு கட்சியை ஒதுக்கி வைத்தது?

விடை, காவியத்தின் பெயரிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். 'வழக்குரை' என்பது கண்ணகி பாண்டியன் அவையில் தன் வழக்கை உரைத்தது. பாண்டியன் செய்த குற்றம் யாது? கோவலன் தரப்பைக் கேளாமல் தீர்ப்பளித்தான். அந்த ஒரு தவறினால் மதுரை எரிந்தது. கேளாமல் கொல்லப்பட்டவனுக்கு, ஆண்டில் ஒரு முறையேனும் தனக்காக இழுக்க ஒரு சேரி வேண்டாமா? கண்ணகியை வணங்குவோர் கோவலனுக்குக் கட்சி கொடுத்தது கண்ணகிக்கு எதிரான செயலன்று. அவள் வேண்டிய நீதியின் மறுபாதியே அது.

சீனத்து அனுபவம் வேறாக அமைந்தது. மனித உருக்கொண்டு ஒரு மனிதனை மணந்த வெண்பாம்பின் கதையை 1624 இல் ஃபெங் மெங்லொங் எழுதியபோது, அவளைத் துறவி லெய்ஃபெங் கோபுரத்தின் கீழ் அடைத்துவிடுவது அபாயத்தின் முடிவாகவே கருதப்பட்டது. காலப்போக்கில் மக்களின் இரக்கம் முழுவதும் வெண்பாம்பின் பக்கம் சாய்ந்தது. மேடையில் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான், துறவி கொடியவரானார். 1924 இல் அக்கோபுரம் உண்மையாகவே இடிந்து விழுந்தபோது எழுத்தாளர் லூ சுன் அதை மகிழ்ச்சியோடு வரவேற்றுக் கட்டுரை வரைந்தார். அங்கே பார்வையாளர்கள் ஒரு பக்கம் சாய்ந்து, கதையையே மாற்றினார்கள். மட்டக்களப்பில் கதை நின்றது. இரு பக்கமும் நின்றன. ஓர் ஆண்டின் தோல்வி அடுத்த ஆண்டின் இழுப்பில் தீர்ந்துபோகலாம்.

சடங்கின் நிறைவில் வருவது திருக்குளிர்த்தி. செட்டிபாளையம், மகிழூர், காரைதீவு, தம்பிலுவில் எனப் பல ஊர்களில் அம்மனின் கோபம் தணியக் குளிர்த்திப் பாடல் பாடுவர். குளிர்த்திக்கு வடசேரி, தென்சேரி என்ற வேறுபாடில்லை. ஏசிய வாயும் ஏச்சுக் கேட்ட செவியும் ஒரே சந்நிதியில் நிற்கும்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். இதே விளையாட்டைச் சிங்கள மக்கள் 'அங்கெலிய' என்ற பெயரில் ஆடினர். கண்ணகி அங்கே பத்தினி; கோவலன் பாலங்க. அவர்களும் உடுபில, யடிபில என இரு கட்சியாயினர். கணநாத் ஒபேசேகர 1984 இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். இரு மொழிக்காரரும் ஒரே தெய்வத்தின் முன் ஒரே வழக்கைப் பேசியவர்கள். ஆயினும் 1983 முதல் 2009 வரை நீண்ட போரில், மறு தரப்பின் வழக்கைக் கேட்கும் பொறுமை எவரிடமும் எஞ்சவில்லை.

கொம்புமுறி இன்று பெரும்பாலும் விழா மேடைகளில் ஆடிக்காட்டப்படும் பழம்பொருளாகிவிட்டது. அதை வெறும் வீரவிளையாட்டென்று எழுதிவைப்போர், வடம் எதற்காக இழுக்கப்பட்டது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். யே ஹுவாவுக்காக இன்று மல்லுக்கு நிற்கும் இளையோரை எள்ளும் பெரியவர்களுக்கு, வடசேரியாரின் பேரர்கள் தாங்களும் என்பது நினைவிருக்கட்டும். கட்சி சேர்வதில் தீங்கில்லை; எதிர்க்கட்சியே இல்லாத ஊரில்தான் பாண்டியன் அவசரமாகத் தீர்ப்பெழுதுகிறான்.